பாத்தியில் கிடந்தது புடையன் அல்ல

தம்பி,

உன் கடிதம் கிடைத்துப் பதினொரு நாட்கள் ஆகின்றன. வந்த தபாலுக்கு மறுநாளே பதில் எழுதிவிடும் என் வழக்கத்தை நீ அறிவாய். ஆகவே இத்தாமதத்தைக் கண்டு நீ ஏதேனும் நினைத்திருப்பாய். நீ கேட்டது மிகச் சிறிய பொருள். வன்னியில் நீ படிப்பிக்கும் பாடசாலைக்கு அருகிலுள்ள உன் வீட்டில், விறகுக் குவியலின் அடியில், தடித்த புள்ளிப் பாம்பு ஒன்று கிடந்ததாகவும், உன் பிள்ளை, என் பேரன், அதற்கு இரண்டு முழத் தூரத்தில் இருந்து விளையாடியதாகவும், அயலவர் வந்து அடித்துக் கொன்றதாகவும் எழுதியிருந்தாய். "ஆஸ்பத்திரி இங்கிருந்து பன்னிரண்டு கட்டைத் தூரம். எட்டு வயதில் என்னுயிரைக் காத்த அந்தக் கத்திக் குழலை அனுப்பிவையுங்கள், அப்பு. வீட்டில் அது இருந்தால் எனக்கு நித்திரை வரும்" என்று முடித்திருந்தாய். இடக்கையால் எழுதிப் பழகிய உன் எழுத்துக்கள் வரிக்கு வரி ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அந்த வரியை நான் எத்தனை முறை வாசித்தேன் என்பதைச் சொல்லமாட்டேன்.

கத்திக் குழல், காணிப் பத்திரங்கள் வைக்கும் என் உறுதிப் பெட்டியில் இருக்கிறது. விரல் நீளமான மரக்குழல்; ஒரு மூடியைத் திறந்தால் சிறு கத்தி, மறு மூடியைத் திறந்தால் பாம்பு நஞ்சை முறிக்கும் என்று விற்ற ஊதா நிறக் கொண்டிஸ் மருந்து. அதை உனக்கு அனுப்பப்போவதில்லை. காரணத்தைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு எழுதத் துணிவு வராது. உன்னைக் கடித்த பாம்புக்கு நஞ்சில்லை. உன் வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனதும், பெருவிரல் மடங்காமல் விறைத்ததும் பாம்பினால் அல்ல. என்னால். இருபது வருஷமாக ஊரும் நீயும் நம்பி வந்த கதையை நானே உண்டாக்கினேன், நானே காத்து வந்தேன்.

அந்த நாளில் உனக்கு நினைவிருப்பது உன் அழுகையும் என் முகமும் மாத்திரமே என்று ஒருமுறை சொன்னாய். ஆகையால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். தை மாதக் கடைசி. எங்கள் பின்வளவில், புரட்டாசியில் பனங்கொட்டைகளை அடுக்கி மண் மூடிய பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பாத்தியைப் போட்டவனும் கிண்டியவனும் வேலன். எங்கள் பனைகளில் ஏறுபவன், என்னிலும் ஐந்து வயது மூத்தவன். உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தளர்ந்த மணலுக்குள் கைவிட்டுக் கிழங்கை இழுப்பது உனக்கு விளையாட்டு. மூன்றாவதோ நான்காவதோ கிழங்குக்காகக் கையை நுழைத்து இழுத்தபோது, தடித்த பாம்பு ஒன்று உன் புறங்கையைக் கவ்வியபடி மணலோடு வெளியே வந்தது. பக்கத்து வளவுச் சின்னையா அதை உதறிவிட்டு மண்வெட்டியின் புறத்தால் அடித்தார். நான் வீட்டிற்குள் ஓர் உறுதிக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது பாம்பு கிடந்தது. முதுகெல்லாம் கபிலப் புள்ளிகள். "புடையன், புடையன், கடிச்சால் ஆள் தப்பாது" என்று சின்னையா சொன்னார். வேலன் மட்டும் குந்தியிருந்து ஓர் ஈர்க்கால் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"நயினார், உது புடையன் இல்லை. மண்ணுக்கை புதைஞ்சு கிடக்கிற சாது. வாலைப் பாருங்கோ, பெருவிரல் மாதிரி மொட்டையாய்க் கிடக்கு. தம்பிக்கு ஒண்டும் செய்யாது" என்றான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வருஷத்துக்கு ரெண்டு மூண்டு பாத்திக்கை காணுறனான். என்னையும் கடிச்சிருக்கு."

சின்னையா சிரித்தார். "கேட்டியளே ஐயா, உவன் புடையனோடை பாய் போட்டுப் படுக்கிறவன்."

"படிச்சவனுக்கு நீ படிப்பியாதை. தூக்கி எரி உதை" என்றேன் நான்.

"எரிக்கிறன் நயினார். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதெண்டால் உதையும் கொண்டு போங்கோ. டாக்குத்தர் ஐயா ஒருக்கால் பாக்கட்டும். பிறகு எரிப்பம்."

"எரி எண்டால் எரி."

அடித்த பாம்பை அன்றே எரித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அவ்வழக்கத்தின் பின்னே நான் ஒளிந்துகொண்டேன். வேலன் அதை ஒரு தடியில் தூக்கிச் சருகுக் குவியலை நோக்கிப் போனபோது அதன் வால் என் கண்ணெதிரே தொங்கியது. தம்பி, நான் கண்டேன். மொட்டையாகவே இருந்தது. மண்வெட்டியில் வெட்டுண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கண்ணைத் திருப்பினேன். நான்கு எல்லையிலும் கால் வைத்துப் பாராமல் ஒரு காணிக்கும் உறுதி எழுதாதவன் நான். நொத்தாரிசுப் பத்திரம் கிடைத்து மூன்று வருஷத்திலேயே அதற்காகப் பெயரெடுத்தவன். என் பிள்ளையின் கையைக் குறித்து முடிவு செய்வதற்கு, ஆறடி தூரத்தில் கிடந்த ஒரு பாம்பைக் குனிந்து பார்க்கவில்லை.

அந்தக் குழலைக் கொழும்பிலிருந்து தபாலில் தருவித்தபோது கூடவே ஒரு சிறு புத்தகம் வந்தது. அதில் பாம்புகளை இனங்காணும் பக்கங்கள் முன்னே இருந்தன, சிகிச்சை பின்னே இருந்தது. நான் நேரே பின்பக்கத்துக்குப் போனேன். கட்டு, வெட்டு, மருந்தைத் தேய், மருத்துவர் வரும்வரை அவிழாதே என்று அதில் கண்டிருந்தது. சால்வையைக் கிழித்து உன் மணிக்கட்டுக்கு மேலே கட்டி, பூவரசந் தடியைச் செருகி முறுக்கினேன். புறங்கையில் இரண்டு கீறல் போட்டேன். புத்தகம் சொன்ன ஆழம். அளவு சிறிதும் தவறவில்லை. மருந்தைத் தேய்த்தபோது நீ போட்ட சத்தத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. வண்டிலில் போகும்போது உன் விரல்கள் நீலம் பாரித்தன. "அப்பு, நோகுது, அவிட்டு விடுங்கோ" என்று நீ கெஞ்சினாய். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் தளத்தி விடுங்கோவன். உங்கடை புத்தகத்திலை பிள்ளை அழுதால் என்ன செய்யிறதெண்டு எழுதேல்லையோ?" என்றாள். நான் முறுக்கிய தடியை விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் வெளியூர் போயிருந்தார். அங்கு நின்ற மருந்தாளர் கட்டை அவிழ்க்கக் கை நீட்டினார். மருத்துவரல்லாதவர் தொடக்கூடாது என்று நான் தடுத்தேன். டாக்குத்தர் மறுநாட் காலையில் வந்தார். கட்டை அவிழ்த்து, உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாம்பு எங்கை?"

"எரிச்சாச்சு."

"கடிச்ச இடத்திலை வீக்கமில்லை. நீங்கள் கட்டின இடத்துக்குக் கீழைதான் எல்லாம்" என்று மாத்திரம் சொன்னார். ஒன்பதாம் நாள் விரல்களை எடுத்தார்கள்.

அன்றே நான் உண்மையை ஊகித்தேன். ஆனால் ஊர் என்னை வேறு விதமாக வரவேற்றது. புடையன் கடித்த பிள்ளையை, இரண்டு விரலை மட்டும் கொடுத்து எமனிடமிருந்து மீட்ட தகப்பன் என்றது. "நொத்தாரிசு ஐயா காணியை மட்டுமில்லை, நஞ்சையும் எல்லை போட்டு நிப்பாட்டுவார்" என்று கடையடியில் பகிடி விட்டார்கள். நான் மறுக்கவில்லை. புடையன் கடித்தது என்றால் அது பாத்திக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி எழும். அதற்கும் விடை கண்டார்கள். வேலன் பாத்தியைச் சருகும் மட்டையும் போட்டு ஒழுங்கில்லாமல் மூடினான், பாம்பு குடியேறியது என்றார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. அவனை வளவுக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினேன். அடுத்த புரட்டாசியில் ஊரில் ஒருவரும் பாத்தி போட அவனைக் கூப்பிடவில்லை. 'புடையன் வளத்த வேலன்' என்ற பட்டம் அவனுக்கு ஒட்டியது. இங்கே பட்டம் ஒருவனோடு போவதில்லை என்பது உனக்குத் தெரியும். அது வீட்டுக்குரியது; பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும்.

மறு வருஷம் மாசியில் ஒரு காலை வேலன் வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றான். கையில் பனையோலையால் இழைத்து வாய் கட்டிய ஓர் உமல். நீ அப்போது தெல்லிப்பழையில் அம்மான் வீட்டில் இருந்து இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாய். "நயினார், ஒரு சாமான் காட்ட வேணும்" என்றான். உமலுக்குள் நெளிவதைக் கண்டு எனக்கு விளங்கிவிட்டது. வேலையால் நிறுத்திய நாள் முதல் அவனைப் படலையைத் தாண்ட விடாத நான் அன்று உள்ளே வரச் சொன்னேன். மரியாதையினால் அல்ல; தெருவால் போகிறவர்கள் காணக்கூடாது என்பதற்காக. பின்வளவில் அவன் உமலை அவிழ்த்து, அதே புள்ளியும் அதே மொட்டை வாலும் கொண்ட பாம்பை எடுத்துத் தன் முன்கையில் வைத்து அழுத்தினான். அது கவ்வியது. எடுத்துவிட்டு இரத்தத்தைத் துடைக்காமல் காட்டினான். ஊசி குத்தினாற்போல் இரண்டு துளைகள் இல்லை. முள்ளுக் கீறியதுபோல் சிறு சிறு பற்களின் வரிசை. உன் கையிலும் அவ்வாறே இருந்தது என்பது அப்போது எனக்கு நினைவு வந்தது. அந்த வரிசையின்மேல் அல்லவா நான் கத்தியை வைத்தேன்.

"பொழுது படு மட்டும் இதிலை இருக்கிறன் நயினார். செத்தால் நீங்கள் சொன்னது சரி. சாகாட்டில் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிடுறானில்லை."

இருந்தான். பலா மரத்தின் கீழ் காலை தொடங்கிப் பொழுது படும் வரை, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். கை வீங்கவில்லை. மத்தியானம் உன் அம்மா சோறு கொண்டுபோய் வைத்தாள், சாப்பிட்டான். பாம்பை மாலையில் வேலிக்கு அப்பால் விட்டான். நான் அவனிடம் சென்று, நாளை முதல் வேலைக்கு வா என்றேன்; பனையும் பாத்தியும் முன்போல உன்னுடையவை என்றேன். "ஊருக்கு?" என்று கேட்டான். "தம்பிக்கு மனம் உடைஞ்சு போகும். அவன் வளரட்டும், பாப்பம்" என்றேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். "ஓம் நயினார். பிள்ளைக்காகக் கதையாமல் இருக்கிறன்" என்று சொல்லிப் போனான். உன்னைக் கேடயமாகப் பிடித்து நான் என்னைக் காத்துக்கொண்டேன். அதற்குப் பின் நீ எழுதுவினைஞர் பரீட்சைக்கு விண்ணப்பித்துக் கையைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டபோதும், உனக்குப் பேசிய முதற் சம்பந்தம் கையினால் முறிந்தபோதும், உன் அம்மா என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "அவனுக்குச் சொன்னியளோ?" போன வருஷம் அவள் சாகுமுன் படுக்கையில் கிடந்த நாட்களில் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுவது இலகு.

இனி, உன் விறகுக் குவியலுக்கு வருகிறேன். இதைக் கவனமாக வாசி. மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. புடையனின் தலை முக்கோணமாக அகன்று, கழுத்து ஒடுங்கித் தனியே தெரியும். மண்ணில் புதையும் இந்தச் சாதுப் பாம்புக்குத் தலையும் கழுத்தும் ஒரே தடிப்பு; எங்கே தலை முடிந்தது என்று சொல்ல முடியாது. புடையனின் முதுகில் கரை கட்டிய முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலி கோத்தது போல மூன்று நிரையாக ஒழுங்காகப் போகும். மற்றதற்குப் புள்ளிகள் ஒழுங்கற்று, ஒன்றோடொன்று ஒட்டி, கறை படிந்த சீலை போலிருக்கும். புடையன் அண்டினால் கொல்லன் துருத்தி போல உரத்துச் சீறும். மற்றது பெரும்பாலும் சத்தமின்றி மண்ணுக்குள் நுழையவே பார்க்கும். யாவற்றிலும் தெளிவானது வால். புடையனுக்கு அது மெலிந்து கூராகி முடியும். சாதுவுக்குக் குட்டையாய், தடிப்பாய், நறுக்கி விட்டது போல முடியும். அது நக்கினால் குட்டம் வரும் என்று அஞ்சுவோர் உண்டு. கடித்தே வேலனுக்கு ஒன்றும் வரவில்லை. எனினும், தம்பி, இவற்றைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்காகவே எழுதினேன். வேலன் செய்தபடி கையில் எடுப்பதற்காக அல்ல. சந்தேகம் சிறிதளவேனும் இருந்தால் புடையன் என்றே எண்ணு. எண்ணியபின்னும் வெட்டாதே, முறுக்கிக் கட்டாதே. பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, கிடைக்கும் வண்டிலில் அந்தப் பன்னிரண்டு கட்டையையும் போ. பாம்பு செத்துக் கிடந்தால் எரிக்கவிடாதே. தடியால் தள்ளி ஒரு பெட்டிக்குள் இட்டுக் கொண்டு போ. வழக்கம் என்று யாராவது சொன்னால், என் தகப்பன் எரித்தவர் என்று சொல்லு.

உன் கடிதம் வந்த நான்காம் நாள் நான் வேலனின் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அதுவே முதல் முறை. அவன் இப்போது பனை ஏறுவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. வாசலில் இருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தவன் எழும்பப் பார்த்தான். நான் அவன் தோளில் கைவைத்து இருத்திவிட்டு, பக்கத்தில் கிடந்த உரலில் இருந்தேன். மகனுக்கு எழுதப்போகிறேன் என்றேன்.

"இப்ப ஏன் நயினார்? தம்பிக்கு உத்தியோகமும் வந்திட்டுது, பிள்ளையும் வந்திட்டுது."

"அந்தக் கத்தியைக் கேட்டு எழுதியிருக்கிறான். தன்ரை பிள்ளைக்கு."

வேலன் ஓலையைக் கீழே வைத்தான். பிறகு, "அப்ப கெதியாய் எழுதுங்கோ" என்றான். வேலிக்கு அப்பால் பிள்ளைகள் சிலர் ஓடிப்போனார்கள். "புடையன்ரை பேரா, வாடா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. வேலனின் வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், அது தன் பெயர்தான் என்பது போல, எழுந்து ஓடினான்.

நேற்று இக்கடிதத்தின் இந்த இடம் வரைக்கும் வேலனுக்கு வாசித்துக் காட்டினேன். பாம்பைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னான். "வாலைச் சரியாய் எழுதியிருக்கிறியள்" என்றான். ஒரு பிரதியில் சாட்சியாகப் பெருவிரல் அடையாளம் வைத்தான். இத்தனை ஆயிரம் அடையாளங்களை வாங்கிய என் மைப்பெட்டியை நானே அவன் கையருகே பிடித்தேன். அந்தப் பிரதியை இன்று காலை ஊர் வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிட்டேன். உனக்கு முன்னே ஊர் அறிவது முறையல்ல என்று முதலில் எண்ணினேன். முறை பார்த்தே இருபது வருஷத்தைப் போக்கியவன் நான், இனிப் பார்ப்பதில்லை. சின்னையா முழுவதையும் வாசித்துவிட்டு என்னைக் காணாதது போலத் திரும்பிப் போனார்.

கத்திக் குழலை இன்று பெட்டியிலிருந்து எடுத்து, உடைத்துக் கிணற்றடியில் புதைத்தேன். அதற்குப் பதிலாக இதனுள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பித் தாள் வைத்திருக்கிறேன். பாத்தி கிண்டுவதற்கு முதல் நாள் நீ வலக்கையால் எழுதியது. உறுதிப் பெட்டியின் அடியில் இதுவரை வைத்திருந்தேன். எழுத்துக்கள் நேரே நிற்கின்றன. அது உன்னுடையது, உன்னிடம் இருக்கட்டும்.

எனக்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி இருக்கிறதா என்று தெரியாததால் கேட்காமல் விடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்பது, பத்து வயதில் நீயும் நம் வளவில் நின்று அவனைப் 'புடையன் வேலன்' என்று கூப்பிட்டிருக்கிறாய். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்து கேட்டேன், தடுக்கவில்லை. அவன் உன் கையைப் பார்த்துவிட்டு, "ஓம் தம்பி" என்று திரும்புவான். அடுத்த விடுமுறைக்கு நீ வந்தால் முதலில் அவன் வீட்டுக்குப் போய், படலையில் நின்று, அந்தப் பட்டம் இல்லாமல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. அதன்பிறகு இங்கே வா. என்னை என்னவென்று கூப்பிடுவது என்பதை வரும் வழியில் நீயே யோசித்துக்கொள்.